என்.பி.ஏ. டிராஃப்டின் கடைசிப் பிக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் டிராஃப்ட் முடிந்ததும் நண்பர்கள் கேட்பது முதல் பிக் யார் என்றுதான். எனக்கோ 25, 30 தாண்டிய பிறகுதான் சுவாரசியமே தொடங்குகிறது. அந்தப் பகுதியைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில், டிராஃப்ட் என்றால் என்ன? எதைக் கடைசிப் பிக் என்கிறீர்கள்?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் புது ஆட்டக்காரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது. ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது, காசு வைத்திருப்பவர் கை தூக்கி ஆளைத் தட்டிக்கொண்டு போக முடியாது. வரிசைப்படி ஒவ்வோர் அணியும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், அந்த ஒவ்வொரு தேர்வும் ஒரு பிக். ப்ளேஆஃபுக்குப் போகாத 14 அணிகள் லாட்டரியில் இருக்கும், முதல் நாலு இடம் குலுக்கலில் முடிவாகும், மீதி எல்லாம் யார் அதிகம் தோற்றார்கள் என்ற கணக்கில். 1989லிருந்து இரண்டே ரவுண்ட். 30 அணி, ரவுண்டுக்கு 30 பிக், ஆக 60. வீரர்களிடம் காலத்துக்கு முன்பே பேரம் பேசி மாட்டிக்கொண்ட அணிகள் பிக்கை இழந்ததால் 2022, 2023, 2024 மூன்று வருஷமும் 58தான் இருந்தது.

நான் கடைசிப் பிக் என்று சொல்வது முதல் ரவுண்டின் வால் பகுதியும் (25க்கு மேல்), இரண்டாம் ரவுண்ட் முழுவதும். அதையும் தாண்டி, பெயரே சொல்லப்படாமல் போனவர்களையும் சேர்த்துக்கொள்வேன், ஏனென்றால் 55ஆவது பிக்குக்கும் எடுக்கப்படாத ஆளுக்கும் நடுவில் பெரிய தூரம் ஒன்றும் இல்லை.

அதில் எத்தனை பேர் தேறுவார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

கொஞ்சம் பேர்தான். இரண்டாம் ரவுண்டில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வருஷத்தில் வெளிநாட்டு லீகுக்கோ, என்.பி.ஏ.வின் பயிற்சி லீகான ஜி லீகுக்கோ போய்விடுவார்கள். இதை மறைத்துப் பேசுவது சரியில்லை.

ஆனால் ஒரு வருஷத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2014. அதில் 33ஆவது பிக் ஜோ ஹாரிஸ், முதலில் எடுத்த கிளீவ்லாண்ட் கைவிட்டு, புரூக்ளினுக்குப் போய், இரண்டு சீசனில் மூன்று புள்ளி எறிதல் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) சதவீதத்தில் லீகிலேயே முதல் ஆள். 38 ஸ்பென்சர் டின்விடி. 39 ஜெராமி கிராண்ட். 41 நிகோலா யோகிச். 46 ஜோர்டன் கிளார்க்சன், 2021ல் சிறந்த ஆறாவது ஆள் விருது (பெஞ்சிலிருந்து இறங்குகிறவர்களுக்கானது) வாங்கியவர். இந்த ஐந்து பேரும் இருக்கிற இடத்தில் மற்ற 25 பேர் பெயரை யாருக்கும் அவ்வளவாக ஞாபகம் இல்லை, அதுவும் உண்மைதான். ஆனால் ஐந்து பேர்! இரண்டாம் ரவுண்ட் பிக்கைச் சில்லறைக் காசாக நினைத்து ட்ரேடில் மேலே தூவுகிற அணிகள் இந்த ஒரு பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

யோகிச்சை 41 வரைக்கும் எல்லோரும் எப்படி விட்டார்கள்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. மூன்று முறை எம்.வி.பி., அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் (2021, 2022, 2024), 2023ல் டென்வருக்குக் கோப்பை, அந்த இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். எம்.வி.பி. வாங்கியவர்களில் இவ்வளவு தாழ்வான பிக் வேறு யாரும் இல்லை. அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் அமெரிக்க டிவியில் டாகோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, பெயர் திரையின் அடியில் எழுத்தாக ஓடியது. அவர் செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது பார்த்துச் சிரிப்பது சுலபம். அன்றைக்கு அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் பார்த்தது என்ன என்றால், 19 வயதுப் பையன், உடம்பு கொழகொழவென்று, எகிறிக் குதிக்க மாட்டார், ஓட்டத்தில் வேகம் இல்லை. ஏப்ரல் 2014ல் போர்ட்லண்டில் உலக இளையோர் அணிக்காக அமெரிக்கப் பையன்களுக்கு எதிராக ஒரு காட்சி ஆட்டம் ஆடினார், அதிலும் பெரிதாகக் கண்ணில் படவில்லை. என்.பி.ஏ. சென்டர் என்றால் கூடைக்குக் கீழே நின்று தடுக்க வேண்டும், மேலே வருகிற பந்தைப் பிடித்து உள்ளே அடைக்க வேண்டும் என்ற வார்ப்பு எல்லோர் மனசிலும் இருந்தது. அந்த வார்ப்பில் வைத்து அளந்தால் இந்தப் பையன் எதிலும் பாஸ் ஆக மாட்டார்.

ஆனால் அவர் கை வேறு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்தால் (ரீபவுண்ட்), அது கீழே வருவதற்குள் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறிதல்) கோட்டின் மூலையில் முதுகைக் காட்டி நிற்பார், சக ஆட்டக்காரர் பின்னால் வெட்டி ஓடுவார், தலையைத் திருப்பாமலே தோளுக்கு மேலே ஒரு கையால் பந்து போய்ச் சேரும். குதிக்கத் தெரியாதவர் என்ற குறிப்பை எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. அந்தக் குறிப்புக்குக் கொடுத்த எடை தப்பு, அவ்வளவுதான்.

அப்படியென்றால் டென்வருக்கு மற்றவர்களைவிட அறிவு அதிகமா, அல்லது அதிர்ஷ்டமா?

ஒரு வருஷம் பின்னால் போங்கள். 2013ல் இதே டென்வர் 27ஆவது பிக்கில் ருடி கோபேரை எடுத்து, அதே இரவில் யூட்டாவுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது 46ஆவது பிக்கும் கொஞ்சம் ரொக்கமும். கோபேர் பின்னால் நாலு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார்.

இன்னொன்றும் சொல்கிறேன். யோகிச்சை எடுத்த அதே 2014 டிராஃப்டில் டென்வர் 16ஆவது பிக்காக வந்த இன்னொரு சென்டரையும் வைத்திருந்தது, யூசுஃப் நுர்கிச். அணிக்கே யோகிச்தான் தங்கள் ஆள் என்று தெரிய டிசம்பர் 2016 ஆயிற்று. அதுவரை இருவரையும் மாற்றி மாற்றி, சேர்த்து ஆட வைத்து, சரிவராமல், கடைசியில் யோகிச்சைத் தொடக்க ஐவரில் நிரந்தரமாக வைத்தார்கள். இரண்டு மாதத்தில் நுர்கிச் போர்ட்லண்டுக்குப் போனார்.

ஆக, 41ஆவது பிக்கில் எம்.வி.பி. இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் டென்வரே 16லேயே எடுத்திருக்கும். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா என்றால், அதுவும் முழுசாக இல்லை. 2014க்குப் பிறகு அவரை ஒரு வருஷம் செர்பியாவிலேயே ஆட விட்டார்கள், அங்கே 2015ல் அட்ரியாடிக் லீகின் எம்.வி.பி. ஆனார், அப்புறம்தான் டென்வருக்கு வந்தார். பழம் விழுந்தது தற்செயலாக இருக்கலாம், மரத்தடியில் காத்திருந்தது தற்செயல் இல்லை. என் எண்ணத்தில் கடைசிப் பிக்குகளில் மதிப்பு பிறப்பது டிராஃப்ட் இரவில் கால்வாசி, அதற்குப் பிறகான இரண்டு மூன்று வருஷத்தில் முக்கால்வாசி.

சரி, அந்தக் கால்வாசிக்கு எதைப் பார்க்க வேண்டும்?

முதல் பத்துப் பிக்கில் அணிகள் எல்லாமும் சேர்ந்த ஆளைத் தேடுகின்றன. உயரம், வேகம், எகிறல், வயது குறைவு. 40ஆவது பிக்கில் எல்லாமும் இருக்கிற ஆள் மிச்சம் இருக்க மாட்டார். அங்கே தேட வேண்டியது ஏதாவது ஒன்றை என்.பி.ஏ. தரத்தில் இப்போதே செய்கிற ஆளை. மற்ற குறைகளோடு வாழ முடியுமா என்பது அடுத்த கேள்வி.

ட்ரேமண்ட் கிரீனைப் பார்க்கலாம், 2012ல் 35ஆவது பிக். மிச்சிகன் ஸ்டேட்டில் நாலு வருஷமும் ஆடி, தன் கல்லூரி ஆடிய வட்டார லீகின் சிறந்த ஆட்டக்காரர் என்று பேர் வாங்கியவர். குறை என்ன என்றால் 6 அடி 6 அங்குலம்தான், கூடைக்குப் பக்கத்தில் ஆடும் பவர் ஃபார்வர்டுக்குக் குள்ளம், ஓரத்தில் ஆடுவதற்கு வேகம் பத்தாது. அந்த இரவில் கோல்டன் ஸ்டேட்டே அவருக்கு முன்னால் ஹாரிசன் பார்ன்ஸை 7ஆவதாகவும் ஃபெஸ்டஸ் எசிலியை 30ஆவதாகவும் எடுத்தது.

அவர் ஆட்டத்தில் ஒரே ஒரு காட்சியை மட்டும் மெதுவாகப் பாருங்கள். அணியின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரிக்கு கிரீன் ஸ்க்ரீன் போடுகிறார், அதாவது தடுப்பாளரின் வழியில் உடம்பை மறைத்து நிற்கிறார். எதிரணியின் இரண்டு பேரும் பதறி கரி மேல் பாய்கிறார்கள். கரி பந்தை கிரீனிடம் விடுகிறார், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில். இப்போது கிரீனுக்கு முன்னால் நாலு பேருக்கு மூன்று பேர். பின்னாலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து சேர ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடிக்குள் கடைசித் தடுப்பாளர் கூடைப் பக்கம் சாய்கிறாரா, மூலைப் பக்கம் சாய்கிறாரா என்று பார்த்து, சாயாத பக்கம் பந்தைக் கொடுக்க வேண்டும். உயரமோ எகிறலோ இங்கே உதவாது. கிரீன் இதை ஒவ்வோர் இரவும் பத்து முறை செய்தார், கோல்டன் ஸ்டேட் நாலு கோப்பை வாங்கியது. இவ்வளவும் 2014-15 சீசன் தொடக்கத்தில் டேவிட் லீ காயம் பட்டதால் கிடைத்த இடத்திலிருந்து தொடங்கியது.

அதனால் நான் பார்ப்பது: பெரிய உடம்புக்காரர் பாஸ் கொடுக்கிறாரா, தடுப்பில் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடுகிறாரா, ஃப்ரீ த்ரோ ஒழுங்காக விழுகிறதா (மூன்று புள்ளி எறிதல் ஒரு சீசனில் ஏமாற்றும், ஃப்ரீ த்ரோ அவ்வளவு ஏமாற்றாது). பந்து கையில் இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார் என்பதை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

நாலு வருஷம் கல்லூரியில் ஆடியவர் ஏன் கீழே இறங்குகிறார்? அவர் அனுபவசாலி அல்லவா?

வயதுதான். 19 வயதுப் பையனிடம் கனவு காண நிறைய இடம் இருக்கிறது, 22 வயது ஆளிடம் "இவ்வளவுதான் இவர்" என்று கோடு போட்டுவிடுகிறார்கள். முதல் ஐந்து பிக்கில் அந்தக் கணக்கு நியாயம். 30க்குப் பிறகு அதே கணக்கைப் போடுவது எனக்குச் சுத்தமாகப் புரியாத விஷயம், ஏனென்றால் அங்கே உங்களுக்குத் தேவை நட்சத்திரக் கனவு இல்லை, நாளைக்கே 15 நிமிஷம் தப்பில்லாமல் ஆடுகிற ஆள்.

மால்கம் பிராக்டன் வெர்ஜினியாவில் படிக்கும்போது பாதத்தில் காயம், ஐந்து வருஷம் அங்கேயே இருந்தார், 23 வயதில் 2016ல் 36ஆவது பிக். மறு வருஷம் ஆண்டின் சிறந்த புதுமுகம். 1966க்குப் பிறகான டிராஃப்டில் இரண்டாம் ரவுண்டிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். டெஸ்மண்ட் பேன், டி.சி.யு. பல்கலையில் நாலு வருஷம், விரித்த கையின் நீளம் உயரத்தைவிடக் குறைவு என்பதற்காகவே சில அணிகள் ஒதுக்கின. 2020ல் 30ஆவது பிக்கில் அவரை எடுத்த உரிமை பாஸ்டனிடமிருந்து மெம்ஃபிஸுக்குப் போனது. 2025 ஜூனில் ஆர்லாண்டோ அவரை வாங்கக் கொடுத்தது இரண்டு ஆட்டக்காரர்களும் நாலு முதல் ரவுண்ட் பிக்குகளும். ஒரு 30ஆவது பிக், ஐந்து வருஷத்தில் நாலு பிக்காகக் குட்டி போட்டது. ஹெர்ப் ஜோன்ஸும் அப்படித்தான், அலபாமாவில் நாலு வருஷம், 2021ல் 35, இன்று தடுப்பில் அவரைத் தாண்டுவது பெரும்பாடு.

ஜேலன் பிரன்சன் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. வில்லனோவா பல்கலையோடு 2016லும் 2018லும் தேசியக் கோப்பை வென்றவர், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். 2018ல் 33 வரை உட்கார்ந்திருந்தார். குள்ளம், எகிற மாட்டார், வேகம் இல்லை என்றார்கள். அவர் உள்ளே நுழையும் விதத்தைப் பாருங்கள்: தோளால் ஒரு இடி, சட்டென்று இரண்டு காலிலும் நிற்பார், தடுப்பாளர் ஒரு அடி பின்னால் சறுக்குவார், பந்தைத் தூக்குவது போலக் காட்டுவார், ஒரு கால் அச்சாக நின்றிருக்க மறு கால் முன்னும் பின்னும் சுழலும், எதிராளி காற்றில் ஏறி இறங்கிய பிறகுதான் எறிவார். வேகம் இல்லாதது அவருக்குக் குறையே இல்லை, நிற்கத் தெரிந்ததுதான் அவர் ஆயுதம்.

ரொம்பக் குள்ளமான ஆள் எடுபடுவாரா?

2011ல் 60க்கு 60ஆவது பிக் ஐசயா தாமஸ், 5 அடி 9 அங்குலம். 2016-17ல் பாஸ்டனுக்காக ஆட்டத்துக்கு 28.9 புள்ளி. எடுபடுவார், ஆனால் தடுப்பில் அவரை ஒளித்து வைக்கிற பயிற்சியாளர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அபூர்வம்.

வெளிநாட்டு ஆளை எடுத்து அங்கேயே விட்டு வைப்பார்களாமே?

ஆமாம். பிக்கை எடுத்தால் அந்த ஆளின் என்.பி.ஏ. உரிமை உங்களுக்கு. அவர் ஐரோப்பாவில் அவர்கள் சம்பளத்தில், அவர்கள் பயிற்சியில் வளர்வார், உங்கள் அணியில் ஓர் இடத்தையும் அடைக்க மாட்டார். மனு ஜினோபிலியை சான் அன்டோனியோ 1999ல் 58 பேரில் 57ஆவதாக எடுத்தது. அர்ஜென்டினாக்காரர், இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்தார். 2001ல் பொலோன்யாவுடன் ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையான யூரோலீக் வென்றார், 2002ல் வந்தார், நாலு கோப்பை, 2022ல் ஹால் ஆஃப் ஃபேம். மூன்று வருஷம் காத்திருந்ததற்குச் செலவு ஒன்றும் கிடையாது.

இதே சான் அன்டோனியோ 2002ல் இரண்டாம் ரவுண்டில் எடுத்த லூயிஸ் ஸ்கோலாவை ஐந்து வருஷம் காத்திருந்துவிட்டு 2007ல் ஹூஸ்டனுக்குக் கொடுத்தது, அங்கே வருஷக்கணக்கில் நன்றாக ஆடினார். அறுவடைக்கு முதல் நாள் வயலை விற்றது மாதிரி.

காண்ட்ராக்டில் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொல்ல வராது, ஆனால் முக்கியம். முதல் ரவுண்ட் ஆளுக்குச் சம்பளம் பட்டியல்படி, இரண்டு வருஷம் உத்தரவாதம், மூன்றாம், நாலாம் வருஷம் வைத்துக்கொள்வது அணியின் விருப்பம். இரண்டாம் ரவுண்டுக்குப் பட்டியல் கிடையாது. உத்தரவாதம் இல்லாமலும் கையெழுத்து வாங்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2024-25ல் சுமார் 11.6 லட்சம் டாலர். லீகில் ஒரே ஆள் 5 கோடி டாலருக்கு மேல் வாங்குகிற காலத்தில் இது அடிமாட்டு விலை.

ஆனால் எத்தனை வருஷத்துக்கு எழுதுகிறோம் என்பதில் தலையெழுத்தே மாறும். யோகிச்சுக்கு நாலாவது வருஷம் வெறும் 16 லட்சம் டாலருக்கு டென்வரின் விருப்பத்தில் இருந்தது. 2018ல் அந்த மலிவான வருஷத்தை டென்வர் வேண்டுமென்றே விட்டது. ஏன் என்றால், மூன்று வருஷத்தில் முடிந்தால் வேறு அணி என்ன விலை சொன்னாலும் அதே விலைக்குத் தக்கவைக்கும் உரிமை டென்வருக்கு இருக்கும். நாலு வருஷமும் ஓடிவிட்டால் அவர் யாரிடமும் போகலாம். ஐந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 14.8 கோடி டாலர் கொடுத்துக் கட்டிப்போட்டார்கள்.

பிரன்சனுக்கு டல்லஸ் நாலு வருஷம் எழுதியது, நடுவில் நீட்டிக்கவும் இல்லை. 2022ல் நாலு வருஷம் முடிந்தது, கையைக் கழுவிக்கொண்டு நியூயார்க்குக்குப் போய்விட்டார், 10.4 கோடி டாலருக்கு. 33ஆவது பிக்கில் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த அணிக்கு மிஞ்சியது பூஜ்யம். நல்ல ஆளைக் கண்டுபிடிப்பதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறோம், அவரைத் தக்கவைக்கிற தாளைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்தில் ஒரு நல்ல மாற்றம்: சம்பள உச்சவரம்பில் இடம் இல்லாத அணியும் இரண்டாம் ரவுண்ட் ஆளுக்கு மூன்று அல்லது நாலு வருஷம் எழுதலாம், கடைசி வருஷம் அணியின் விருப்பம். இப்போது அவசரமில்லாமல் வளர்க்க வழி இருக்கிறது.

பிக்கைக் காசுக்கு விற்பார்களா?

விற்பார்கள், எனக்கு வயிற்றெரிச்சல் தருகிற விஷயம் இது. 2003ல் நியூ ஜெர்சி 51ஆவது பிக்கில் எடுத்த கைல் கோர்வரை 1,25,000 டாலருக்கு ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றது. அந்தப் பணம் கோடைக்கால லீகில் ஆடும் செலவுக்குப் போக, மிச்சத்தில் அலுவலகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கினார்கள். கோர்வர் 17 சீசன் ஆடி 2,450 மூன்று புள்ளிகள் எறிந்தார்.

சிகாகோ 2017ல் 38ஆவது பிக்கை 35 லட்சம் டாலருக்கு கோல்டன் ஸ்டேட்டுக்கு விற்றது, அதில் வந்த ஜோர்டன் பெல் நிலைக்கவில்லை. அதனால் விற்றவர் எப்போதும் ஏமாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் தேறாவிட்டால் போகிற பணம் ஓர் அணிக்கு ஒன்றுமே இல்லை, தேறினால் பத்து வருஷம் நிற்பார். இந்தத் தராசில் எது கனம் என்று பார்த்தால் போதும்.

எடுக்கப்படாமலே போனவர்கள்?

பென் வாலஸ் 1996ல் எடுக்கப்படவில்லை, நாலு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர், 2021ல் ஹால் ஆஃப் ஃபேம். 2023 இறுதிக்கு வந்த மயாமியில் கேப் வின்சென்ட், மாக்ஸ் ஸ்ட்ரூஸ், டங்கன் ராபின்சன், கேலப் மார்ட்டின் எல்லோரும் எடுக்கப்படாதவர்கள், அவர்களை நடத்திச் சென்ற ஜிம்மி பட்லர் 30ஆவது பிக். எதிரே நின்ற டென்வரில் 41ஆவது பிக் யோகிச்.

சில நேரம் எடுக்கப்படாமல் இருப்பதே லாபம். 2021ல் டெட்ராய்ட் 42ல் எடுக்கத் தயாராக இருந்தும் ஆஸ்டின் ரீவ்ஸ் தரப்பு வேண்டாம் என்றது. எடுக்கப்படாவிட்டால் அணியை அவரே தேர்ந்தெடுக்கலாம். லேக்கர்ஸில் இருவழிக் காண்ட்ராக்டில் சேர்ந்தார் (என்.பி.ஏ.வுக்கும் ஜி லீகுக்கும் நடுவில் போய்வரும் ஒப்பந்தம், 2017ல் தொடங்கியது, இப்போது அணிக்கு மூன்று பேர்). சீசன் தொடங்குவதற்குள் முழுக் காண்ட்ராக்ட், 2023ல் சுமார் 5.4 கோடி டாலர்.

அந்த முக்கால்வாசி, வளர்ப்பு என்றீர்களே, அதற்கு ஓர் உதாரணம்?

டொராண்டோ, 2019. அந்த இறுதித் தொடரின் தொடக்க ஐவர்: கைல் லௌரி 24ஆவது பிக், டேனி கிரீன் 46, கவாய் லெனர்ட் 15, பாஸ்கல் சியாகம் 27, மார்க் கசோல் 48. பெஞ்சிலிருந்து வந்த ஃப்ரெட் வான்வ்லீட் எடுக்கப்படாதவர், செர்ஜ் இபாகா 24, நார்மன் பவல் 46. லாட்டரி பிக் ஒருவர்கூட ஆடவில்லை. கோல்டன் ஸ்டேட்டைத் தோற்கடித்துக் கோப்பை. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தெருவிலேயே இருந்தான், போனில் பேசினால் குரல் வரவில்லை.

சியாகம் கேமரூனில் பிறந்தவர், கூடைப்பந்துக்கே தாமதமாக வந்தவர். முதல் சீசனில் தொடக்க ஐவரில் நின்றுவிட்டுப் பிறகு இடத்தை இழந்தார். அவரை ஓரமாக உட்கார வைக்காமல், மிசிசாகாவில் இருக்கும் அவர்களுடைய சொந்தப் பயிற்சி அணியான ராப்டர்ஸ் 905க்கு அனுப்பினார்கள். அங்கே 2017ல் அந்த அணி லீகை வென்றது, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் சியாகம். வான்வ்லீட்டும் அங்கே ஆடினார். முதல் அணி எந்த முறையில் ஆடுகிறதோ அதே முறைதான் கீழே இருக்கும் அணிக்கும், அதனால் மேலே வரும்போது புதுப் பாஷை கற்க வேண்டியதில்லை. இரண்டு வருஷத்தில் 2019 இறுதியின் முதல் ஆட்டத்தில் சியாகம் 32 புள்ளி, கடைசி ஆட்டத்தில் வான்வ்லீட் 22. அதே ஆட்களை வேறு அணி எடுத்திருந்தால்? துருக்கியிலோ சீனாவிலோ ஆடிக்கொண்டிருந்திருக்கலாம்.

இந்தியாவிலிருந்து ஒருவர் எடுக்கப்பட்டாரே?

சத்னாம் சிங். பஞ்சாபில் பல்லோ கே கிராமம், 7 அடி 2 அங்குலம். 2015ல் டல்லஸ் 52ஆவதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள். என்.பி.ஏ. சீசன் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை, டல்லஸின் பயிற்சி அணியோடு முடிந்தது, பிறகு அமெரிக்க மல்யுத்தப் பொழுதுபோக்குக்குப் போனார். மூன்று புள்ளி எறிதல் அலையாக வந்த வருஷங்கள் அவை, மெதுவாக நகரும் பெரிய சென்டர்களுக்கு இடமே சுருங்கிப் போயிருந்தது. 52ஆவது பிக்கில் இப்படி முடிவதுதான் வழக்கம். ஆனால் 19 வயதில் அந்தப் பட்டியலில் பெயர் வந்ததே அவர் உழைப்புக்குக் கிடைத்தது, அதை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது நிலைமை மாறுகிறதா?

இரண்டு பக்கத்திலிருந்தும். 2021லிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், 2025லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 45ஆவது பிக்காகப் போய் உத்தரவாதமில்லாத காண்ட்ராக்ட் வாங்குவதைவிடக் கல்லூரியில் இன்னொரு வருஷம் இருந்தால் அதிகம் கிடைக்கும் என்றால் யார் வருவார்கள்? அதனால் இரண்டாம் ரவுண்டில் இளம் ஆட்கள் குறைகிறார்கள், வருகிறவர்கள் வயதும் அனுபவமும் கூடியவர்கள். இன்னொரு பக்கம், 2023 ஒப்பந்தம் அதிகச் சம்பளம் கொடுக்கும் அணிகளின் கையை இறுக்கிக் கட்டியது, மலிவாக ஆடுகிற நல்ல ஆளின் தேவை ஏறிவிட்டது. ஓக்லஹோமா 2025ல் கோப்பை வாங்கியபோது லூ டோர்ட்டும் அலெக்ஸ் கருசோவும் எடுக்கப்படாதவர்கள், ஆரன் விகின்ஸ் 55ஆவது பிக், ஹார்ட்டன்ஸ்டைன் 43. கோப்பை வாங்குகிற அணி இப்படித்தான் இனி உருவாகும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் ரவுண்டை எப்படிப் பார்ப்பது? பெயர்களே தெரியாதே.

நம் ஊர் நேரத்துக்கு டிராஃப்ட் வழக்கமாக விடியற்காலை 5.30க்குத் தொடங்கும். 2024லிருந்து இரண்டு ரவுண்டையும் இரண்டு நாளாகப் பிரித்துவிட்டார்கள், இது பெரிய வசதி, நடுவில் கிடைக்கிற ஒரு நாளில் மிச்சம் இருக்கிறவர்கள் பட்டியலை எடுத்து ஐந்தாறு பேரின் முழு ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். துண்டுக் காட்சிகள் வேண்டாம், அதில் எல்லோரும் நட்சத்திரம்தான். முழு ஆட்டம், முடிந்தால் அவர் அணி தோற்ற ஆட்டம். ஒரு நோட்டில் ஆளுக்கு இரண்டே வரி எழுதுங்கள்: இப்போதே செய்யத் தெரிந்தது எது, எந்த அணி காத்திருக்கும்.

2018 நோட்டில் நான் பிரன்சனுக்கு "மெதுவானவர், மாற்று ஆளாக ஓட்டலாம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரியில் அவர் கால்வேலையை எழுதாமல் விட்டுவிட்டேன். அதிலிருந்து ஒவ்வோர் ஆளுக்கும் முதலில் செய்யத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன், குறையை இரண்டாவது பக்கத்தில்.